ஆடி வெள்ளி ஊசி

நோயாளி பழனியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன புதன்கிழமை மாலை, இமெல்டா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தாள். இரண்டு வாரமாகப் பயமுறுத்திய பரீட்சை ஒருவழியாக முடிந்துவிட்டது. அதுவும் பாஸ்.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவளோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து பெண்கள் தாதிப் பயிற்சியில் இருந்தார்கள். ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டன. கை வேலை செய்யும்போது வாய் பேசத் தேவையில்லை. அவளுடைய பயமெல்லாம் வேறொரு பாடத்தில் இருந்தது. நோயாளிக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்து அனுப்புகிற பாடம்.

அது நாகமணி மிஸ்ஸின் பாடம். யுத்த காலம். எந்த நேரம் எந்த வீதியை மூடுவார்கள், எங்கே பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள் என்று கொழும்பில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போன நோயாளி நினைத்த நேரத்தில் திரும்பி வர முடியாது. அதனால் வீட்டிலிருப்பவர் ஒருவரை அரைத் தாதியாக்கித்தான் அனுப்ப வேண்டும் என்பது மிஸ்ஸின் பிடிவாதம். அதற்காக வகுப்பறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார். அதில் தானே ஏறிப் படுத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிழவியாக மாறிவிடுவார்.

"எனக்கு இந்த ஊசி வேண்டாம். பாவற்காய்ச் சாறு குடிச்சால் மாறுமெண்டு பக்கத்து வீட்டுக்காரி சொன்னவள். இப்ப நீர் என்ன சொல்லுவீர்?"

"அது வந்து... அப்பிடி இல்ல மிஸ்..."

"நான் மிஸ் இல்லை, கிழவி. எனக்குக் காதும் கேளாது. சத்தமாச் சொல்லும்!"

மருமகள் வேஷத்தில் கட்டிலருகே நிற்கும் வகுப்புத் தோழி பைறோஸா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கட மாமி இப்பிடித்தான் நேர்ஸ். இவக்குச் சொல்றதும் ஒண்டு, அந்தச் சுவருக்குச் சொல்றதும் ஒண்டு" என்பாள். வகுப்பு முழுவதும் சிரிக்கும். இமெல்டாவின் குரல் இன்னும் உள்ளே போய்விடும்.

"காதுக்குள்ள பாடுற நுளம்பு கூட உம்மைவிடச் சத்தமாக் கதைக்கும், பிள்ளை" என்று சொல்லி மிஸ் போர்வையை உதறிவிட்டு எழும்புவார்.

மிஸ்ஸின் வகுப்பில் ஒரு கேள்வி மட்டும் தடை. 'விளங்கிச்சா' என்று யாரும் கேட்கக் கூடாது. "கேட்டால் எங்கட சனம் ஓம் எண்டுதான் சொல்லும். இல்லையெண்டால் உங்கட மனம் நோகுமெண்டு நினைக்குங்கள். செய்து காட்டச் சொல்லுங்கோ. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் ஆளை வீட்டுக்கு விடுறது."

இமெல்டாவுக்குப் பரீட்சைக்குக் கிடைத்த நோயாளிதான் பழனியம்மா. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகனோடு வந்து மட்டக்குளித் தொடர்மாடியில் குடியிருந்தார். சலரோகம். காலில் வந்த புண் ஆறிவிட்டது. ஆனால் இனித் தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகன் சங்கிலி துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை செய்தான். சிங்களம் நன்றாகப் பேசுவான். அதனால் ஆஸ்பத்திரியோ பொலிஸோ, எங்கேயும் அந்தக் குடும்பத்தின் முன்னால் நிற்பவன் அவன்தான். மனைவி ஆறாயி சாப்பாட்டுக் கரியரைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால், அறைக் கதவோடு ஒட்டி நிற்பாள்.

பரீட்சை நாளில் மிஸ் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இமெல்டா சங்கிலிக்குச் சொல்லிக் கொடுத்தாள். மருந்துப் போத்தலை மண்சட்டித் தண்ணீரில் குளிர்ச்சியாக வைப்பது, சிரிஞ்சில் கோடு பார்த்து மருந்தை எடுப்பது, ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பாடு கொடுப்பது, வியர்த்து நடுங்கினால் உடனே இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுப்பது. எல்லாவற்றையும் அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில்தான் சொல்ல முடிந்தது. இரண்டே இரண்டு வசனங்களை மட்டும் அவள் முதல்நாள் இரவு கண்ணாடியின் முன்னால் நின்று பழகியிருந்தாள். அவை மட்டும் அறை முழுவதும் கேட்கும்படி வந்தன.

"ஒரு நாளும் ஊசிய விடக் கூடாது. சீனி உங்க அம்மாவுக்கு விஷம்."

சங்கிலி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, மடித்த துவாயில் குத்திக் காட்டினான். கேட்டதையெல்லாம் வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னான். மிஸ் தலையசைத்தார்.

புறப்படும்போது பழனியம்மா இமெல்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஆத்தா புண்ணியத்துல காலு பொழச்சிருச்சு மிஸ்ஸி. ஆடி வெள்ளிக்கு ஒருபொழுது இருக்கேன்னு அவளுக்கு வேண்டிக்கிட்டேன்."

இமெல்டா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. ஞாயிறு பூசையும் ஜெபமாலையும் தெரியும். ஒருபொழுது என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ நன்றி சொல்கிறார் என்று நினைத்து, "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தபடி தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் வார்ட்டில் சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் கட்டிலின் தட்டு மூடியபடியே இருந்தது. அந்தக் கட்டிலில் இருந்தவர் பம்பலப்பிட்டியில் பாடசாலை ஆசிரியை. காலில் முறிவு.

"ஏன் டீச்சர், சாப்பிடல்லயா?"

"இண்டைக்கு ஆடி வெள்ளியெல்லே பிள்ளை. ஒருபொழுது. விளக்கு வைச்ச பிறகுதான் சாப்பாடு."

இமெல்டா தட்டைக் கையில் எடுத்தாள். இரண்டு கட்டில் தூரம் நடந்த பிறகுதான் அந்தச் சொல் அவளுக்குள் இறங்கியது. நடு வார்ட்டில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி, பேயக் கண்டயா?" என்றாள் பைறோஸா.

"பைறோஸா, ஒருபொழுதுன்னா பகல் முழுக்கச் சாப்பிட மாட்டாங்களா?"

"ஓ. எங்கட நோம்பு மாதிரித்தான் ஈக்கும். ஏன்?"

"மட்டக்குளி பழனியம்மா இண்டைக்கு ஒருபொழுது. ஊசியும் போட்டிருப்பாங்க. நான்தானே ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொன்னேன்."

பைறோஸாவின் சிரிப்பு நின்றது. "எங்கட பெரியப்பாக்கு நோம்பு வந்தா டொக்டர் ஊசி போடுற நேரத்தயே மாத்திக் குடுப்பாரு. ஊசியப் போட்டுட்டு வெறும் வயித்தோட ஈந்தா..." அவள் இமெல்டாவின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். "ஓடு!"

வரவேற்பு மேசையில் றேமண்ட் இருந்தார். ஆஸ்பத்திரியின் ஒரே வெளித் தொலைபேசி அவருடைய காவலில் இருந்தது. அதில் ஒரு சின்னப் பூட்டும் தொங்கியது. சங்கிலி அவசரத்துக்கென்று கொடுத்திருந்த, அவன் வீட்டுக்குக் கீழே உள்ள கடையின் நம்பர் மேசைக் கண்ணாடியின் கீழே இருப்பது இமெல்டாவுக்குத் தெரியும்.

"வெளிக் கோல் எடுக்கணும்."

"என்ன? கேக்கல்ல."

"மட்டக்குளிக்கு ஒரு கோல்..."

"மேட்ரன் சைன் பண்ணணும் மிஸ். சும்மா சும்மா வந்து கேட்டா நான் என்ன செய்ய? நேத்தும் ஒருத்தி வந்து—"

"றேமண்ட், பூட்டத் திறங்க! ஆள் செத்துடும்!"

காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று இமெல்டாவுக்கே உடனே தெரியவில்லை. றேமண்ட் பூட்டில் சாவியைப் போட்டார்.

மறுமுனையில் மணி நீண்ட நேரம் அடித்தது. பிறகு ஒரு ஆண்குரல். "ஹலோ, மர்ஸூக் ஸ்டோர்ஸ்."

"மர்ஸூக் நானா, நான் வெள்ளவத்த ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறேன். உங்க கடைக்கு மேல் மாடியில சங்கிலி வீடு. அவரோட வைஃப உடனே கூப்பிடுங்க."

"ஆறாயியா? இப்பதானே தேசிக்கா வாங்கிட்டுப் போனா, கோயிலுக்கு விளக்குப் போட. என்ன மகள், அவசரமா?"

"அவசரம் நானா. மாமியார் எப்பிடி இருக்காங்கன்னு பாத்துட்டு ஓடி வரச் சொல்லுங்க."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் பருப்பு விலை கேட்டார்கள். வானொலியில் விளம்பரம் போனது. இமெல்டா ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் நாகமணி மிஸ் வந்து நிற்பது தெரிந்தது. பைறோஸா சொல்லியிருக்க வேண்டும்.  மிஸ்ஸின் மூச்சு பெரிதாகக் கேட்டது.

"ஹலோ?" மிகச் சின்னக் குரல். தொலைபேசியில் பேசிப் பழகாத குரல்.

"ஆறாயி அக்கா, நான் இமெல்டா. நேர்ஸ். அம்மா எப்பிடி இருக்காங்க?"

"படுத்திருக்காங்க மிஸ். வேர்த்து ஊத்துது. ஒருபொழுதுல தல சுத்துதுன்னாங்க. இப்ப என்னயப் பாத்து நீ யாருடின்னு கேக்குறாங்க."

"ஊசி?"

"ஒரு நாளும் விடக் கூடாதுன்னு காலையிலயே அவரு போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாரு."

"கூப்பிட்டா கண்ணத் திறக்கிறாங்களா? தண்ணி குடுத்தா விழுங்குவாங்களா?"

"கண்ணு முழிக்கிறாங்க. வாயக் கொப்புளிக்கக் குடுத்தேன், முழுங்கிட்டாங்க."

"நல்லது. இப்பவே ஓடிப்போய் ஒரு கப் தண்ணியில நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, தலைய நிமித்திக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க."





"சீனியா மிஸ்? சீனி வெசம்னு நீங்கதான சொன்னீங்க. நான் கதவுகிட்ட நின்னு கேட்டேன். வீட்டுல சீனிப் போத்தலயே எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன்."

இமெல்டா கண்களை மூடிக்கொண்டாள். அவள் உரத்துச் சொன்ன அந்த இரண்டு வசனங்களை ஆறாயி அப்படியே பிடித்துக்கொண்டு, பிசகில்லாமல் நடந்திருக்கிறாள். மெதுவாகச் சொன்ன மற்ற எல்லாம் சங்கிலியோடு கிட்டங்கிக்குப் போய்விட்டன.

"நான் சொன்னது பாதிதான் அக்கா. மற்ற நாள்ல சீனி கூடாது. ஊசி போட்டுச் சாப்பிடாம இருந்தா ரெத்தத்தில சீனி இல்லாமப் போகும். அப்பதான் இப்பிடி வேர்க்கும், ஆள் தடுமாறும். அந்த நேரம் சீனிதான் மருந்து."

"ம்."

அந்த 'ம்' எப்படிப்பட்ட 'ம்' என்று இமெல்டாவுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை அவளும் அப்படித்தான் தலையாட்டினாள்.

"அக்கா, இப்ப போய் என்ன செய்யப் போறீங்க? எனக்குச் சொல்லுங்க."

"சீனித் தண்ணி..." ஆறாயியின் குரல் உடைந்தது. "மிஸ், என் கையால குடுத்து ஆத்தாவோட வெரதத்தக் கெடுத்துட்டேன்னு ஆயிருமே. நாளைக்கு அத்த என்னய வீட்டுல சேப்பாங்களா?"

மாரியம்மனைப் பற்றி இமெல்டாவுக்கு என்ன தெரியும்? மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். 

"நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க அக்கா. ஏசுறதா இருந்தா என்னய ஏசட்டும். பாவம்னா அதும் எனக்கு வரட்டும். நீங்க குடுங்க."

அந்த நேரத்தில் கடைக்காரரின் குரல் குறுக்கே கேட்டது. "என்ன புள்ள யோசிச்சுட்டு நிக்கிற? ஒளிச்சு வெச்ச சீனியத் தேடுறதுக்குள்ள கிழவி போயிடும். இந்தா, இந்த ஒரேஞ்ச் சோடாவக் கொண்டு போ. காசு பொறகு பாப்பம். ஓடு!"

படிகளில் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. அப்போது லைன் அறுந்தது.

மறுபடி எடுத்தபோது என்கேஜ். மறுபடியும் என்கேஜ். றேமண்ட் தானே ரிசீவரை வாங்கி, நம்பரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பைறோஸா வாய்க்குள் துஆ ஓதினாள். மிஸ் வார்ட் டொக்டரைத் தேடிப் போய்த் திரும்பி வந்து, "நினைவு தப்பினால் மட்டும் உடன கொண்டு வரட்டாம். இல்லாட்டிச் சாப்பாட்டைக் குடுத்துப் பாத்துக்கொண்டு இருக்கட்டாம்" என்றார். பிறகு இமெல்டாவைப் பார்க்காமல், "பரீட்சையில நானும் பக்கத்திலதான் நிண்டனான். அந்த மருமகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லி நானும் கேக்கேல்லை" என்றார்.

தொலைபேசி தானாக அடித்தது. இமெல்டா அதைப் பிடுங்கினாள்.

"மகள்," மர்ஸூக் நானாவின் குரல் மூச்சு வாங்கியது. "நானே மேல போய்ப் பாத்துட்டு வாறன். எழும்பி உக்காந்துட்டா."

"பேசுறாங்களா?"

"பேசுறாவா? ஏசுறா! என்னயும் ஏசுறா, மருமகளயும் ஏசுறா, சோடாக் கம்பனிக்காரனயும் ஏசுறா. கேக்க ஏலாத ஏச்சு."

"நல்லா, தெளிவா ஏசுறாங்களா நானா? வார்த்த குழறல்லயே?"

"குழறவா? பொறந்த நாள்ல இருந்து மருமகள் செஞ்ச பிழையெல்லாம் வரிசையா வருது!"

இமெல்டா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. றேமண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. காலையில் போட்ட மருந்து மாலைவரை உடம்பில் வேலை செய்யும். ஒரு போத்தல் சோடா அதுவரை தாங்காது. பழனியம்மா சோறு சாப்பிட வேண்டும். அவரோ விளக்கு வைக்கும்வரை வாய் திறக்கப் போவதில்லை. மிஸ் அலமாரியைத் திறந்து, இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்ன மெஷினை எடுத்து இமெல்டாவின் கையில் வைத்தார். வார்ட்டுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"பைறோஸாவையும் கூட்டிக்கொண்டு போம். இதை விழுத்திப் போடாதையும். மேட்ரனுக்கு நான் சொல்லுறன்."

பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டாவது இடத்தில் ஆமிக்காரப் பெண் ஒருத்தி மெஷினைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பைறோஸா சிங்களத்தில் விளக்கம் சொன்னாள். அந்தப் பெண்ணின் தாய்க்கும் அதே சலரோகமாம். சாப்பாட்டில் என்னென்ன கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பைறோஸா, "நோனா, அங்க இவட நோயாளி ஒண்டு காத்துட்டு ஈக்கி" என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொல்லி மெஷினை மீட்டெடுத்தாள்.

தொடர்மாடியில் பழனியம்மா சுவரில் சாய்ந்து, மாரியம்மன் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் கண்கள் தெளிவாக இருந்தன. ஆறாயி போட்டு வைத்திருந்த சோற்றுத் தட்டு தொடாமல் கிடந்தது.

"வாங்க மிஸ்ஸி. என் வெரதத்தக் கெடுத்தது நீங்கதானாமே."

"ஓம்மா. நான்தான்."

இப்படி நேராக ஒப்புக்கொள்வாள் என்று பழனியம்மா எதிர்பார்க்கவில்லை. ஏசுவதற்கு எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டார்.

இமெல்டா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, "ஒருபொழுதுன்னா எப்பிடி இருப்பீங்கம்மா? எனக்குத் தெரியாது. சொல்லுங்க" என்றாள்.

பழனியம்மா அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். சோறு கூடாது. உப்புப் போட்ட கறி கூடாது. ஆனால் தோட்டத்தில் இருந்த காலத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு மலை ஏற முடியாது. அதனால் பால் குடிப்பார்கள், வாழைப்பழம் சாப்பிடுவார்கள். ஆத்தாவுக்குப் படைத்த கூழும் குடிப்பார்கள். அது பிரசாதம். அதனால் விரதம் கெடாது.

"அப்ப இண்டைக்கு ஏம்மா பால் கூடக் குடிக்கல்ல?"

"காலு பொழச்சதுக்கு வேண்டுன வெரதம். கொஞ்சம் கடுமையா இருப்போம்னு பாத்தேன்."

"கூழ் காச்சிப் படைச்சா குடிப்பீங்களா?"

பழனியம்மா படத்தை ஒருமுறை பார்த்தார். "படைச்சா குடிக்காம இருக்க முடியுமா? அது ஆத்தாவுக்கு அவமரியாத."

ஆறாயி அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். குரக்கன் மா கரைக்கும் சத்தம் கேட்டது. சின்னச் செம்பில் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, மாமியாரிடம் கொடுத்தாள். பழனியம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார். இருந்தது. பைறோஸாவுக்கும் இமெல்டாவுக்கும் கூட வந்தது.

சற்றுப் பொறுத்து இமெல்டா பழனியம்மாவின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தை எடுத்தாள். மெஷின் யோசித்துக்கொண்டிருந்தது. நான்கு பெண்களும் அந்தச் சின்னக் கண்ணாடியை மூச்சு விடாமல் பார்த்தார்கள். நம்பர் வந்தது.

"நல்லதா, கெட்டதா?" என்றார் பழனியம்மா.

"நல்லதும்மா. நல்ல நம்பர்."

"நான் சொல்லல? ஆத்தா கைவிடமாட்டா."

இமெல்டா ஆறாயியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இப்பிடி ஏதாச்சும் குடுக்கணும், விளக்கு வச்ச பிறகு சோறு. அடுத்த வெள்ளிக்கு முந்தி டொக்டர்கிட்ட வாங்க, விரத நாளைக்கு எவ்வளவு ஊசின்னு அவர் சொல்லுவார். அவர் சொல்லும்வரைக்கும் ஒருபொழுது வேணாம். இப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க?"

ஆறாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கதவோரம் நிற்கவில்லை இப்போது. மாமியாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அடுப்புல சோறு கொதிக்குதான்னு மொதல்ல பாப்பேன். கொதிச்சாத்தான் சட்டியில இருந்து மருந்த எடுத்து அவருகிட்ட குடுப்பேன். சோறு இல்லன்னா ஊசி கெடயாது. அவரு கத்துனாலும் குடுக்க மாட்டேன்."

"வேர்த்தா?"

"சீனி. அத்த என்னய வீட்ட விட்டே தொரத்துனாலும் சீனி."

"ஏன் தொரத்தப் போறேன்?" என்றார் பழனியம்மா. "நீ போனா கூழ யாரு காச்சுவா?"

ஆறாயி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இமெல்டா மெஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கீழே கடையில் மர்ஸூக் நானா யாரிடமோ, மேல் மாடிக் கிழவியைத் தான் காப்பாற்றிய கதையை இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.